பொருந்தும் தோட்டாவும் உரிய தோட்டாவும்

வெப்லி ரிவால்வரின் அழகு சுடும்போது தெரிவதில்லை, திறக்கும்போதுதான் தெரியும். குதிரைக்குப் பக்கத்தில், கட்டைவிரல் எட்டும் இடத்தில் ஒரு தாழ் இருக்கிறது. அதை அழுத்திக் குழலைக் கீழே மடக்கினால் துப்பாக்கி நடுவில் திறந்துகொள்ளும். அதே அசைவில் சிலிண்டரின் மையத்திலிருந்து நட்சத்திர வடிவத் தகடு ஒன்று எழுந்து, ஆறு வெற்றுத் தோட்டாக்களையும் ஒருசேர வெளியே தள்ளும். குழல் முழுக்க மடங்கியதும் தகடு 'டக்'கென்று தன் இடத்துக்குத் திரும்பிவிடும். அமெரிக்காவின் புகழ்பெற்ற 1873 கோல்ட்டில், பக்கவாட்டுக் கதவைத் திறந்து, ஒவ்வொரு வெற்றுத் தோட்டாவையும் கம்பியால் குத்தித் தள்ள வேண்டும். கௌபாய் படங்களில் இந்தக் காட்சியை யாரும் காட்டுவதில்லை.

பர்மிங்ஹாமில் பிலிப் வெப்லி குடும்பத்தார் நடத்திய பட்டறையின் சரக்கு இது. பிரிட்டிஷ் ராணுவம் 1887இல் ஏற்றுக்கொண்டது. அதன்பின் 1894, 1897, 1899, 1913, 1915 என்று மார்க் 6 வரை திருத்தம் செய்துகொண்டே போனார்கள். கையில் வந்தது எந்த மார்க் என்று கண்டுபிடிக்க முதலில் பிடியைப் பாருங்கள். முதல் ஐந்தும் பறவைத் தலை போல உருண்டு முடியும் பிடி கொண்டவை. குழல் பெரும்பாலும் 4 அங்குலம். மார்க் 6இல் பிடி அகன்று சதுரமாகி, குழல் 6 அங்குலமாக நீண்டுவிட்டது. முதல் உலகப் போரின் பதுங்குகுழிச் சேற்றிலும் வேலை செய்ததால் இதற்கே பெயர் அதிகம். ஒரு கிலோவுக்குச் சற்று மேல் எடை. சுடுகிறவர்கள் மார்க் 6 தான் கையில் நிற்கும் என்பார்கள். இருக்கட்டும். கண்ணுக்கு நிறைவு மார்க் 4 தான் என்பது என் கட்சி. அந்த உருண்ட பிடிக்கும் குட்டைக் குழலுக்கும் உள்ள அளவுப் பொருத்தம் பிறகு வரவேயில்லை.

பிடியை வைத்து ஊகித்ததை முத்திரைகளை வைத்து உறுதிசெய்ய வேண்டும். சிலிண்டருக்கு மேலே ஓடும் பட்டையில் மார்க் எண் பொறித்திருக்கும். மார்க் 6இன் இடப்பக்கச் சட்டத்தில் வெப்லி பெயரும் தயாரித்த ஆண்டும் இருக்கும். அந்த இடத்தில் இல்லாமல், வலப்பக்கம் கிரீடமும் என்ஃபீல்டு என்ற பெயரும் 1921 அல்லது அதற்குப் பிந்தைய ஆண்டும் இருந்தால் அது அரசு ஆலையில் செய்தது. அகன்ற அம்புக்குறி அரசுச் சொத்துக்கு அடையாளம். இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால், படை அதை விற்றுவிட்டது என்று பொருள். கிரீடத்தின் கீழ் என்பி என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். 1813இல் தொடங்கிய பர்மிங்ஹாம் சோதனைச்சாலை, புகையற்ற மருந்தின் அழுத்தத்தை இந்தத் துப்பாக்கி தாங்கியது என்று 1904 முதல் அந்த முத்திரையால் சான்று தந்தது.

முத்திரை படிப்பதெல்லாம் சேகரிப்பாளர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்தால், தோட்டாவை எடுக்கும்போது மாட்டிக்கொள்வோம். மார்க் 1 கருமருந்துக் காலத்தில் வரைந்த துப்பாக்கி. கார்டைட் என்ற புகையற்ற மருந்தை மனத்தில் வைத்துச் சிலிண்டரைச் சற்றுப் பருமனாக்கியது மார்க் 5 வந்தபோதுதான். எல்லாவற்றுக்கும் பெயர் என்னவோ .455 வெப்லி தான். ஆனால் பெயர் துளையின் அளவைச் சொல்லுமே தவிர, எஃகின் வலுவைச் சொல்லாது.

பெரிய வினை மார்க் 6க்குத்தான் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இவை அமெரிக்கச் சந்தைக்குக் கப்பல் கப்பலாகப் போயின. அங்கே .455 தோட்டா கிடைப்பது அரிது; .45 ஏசிபி எங்கும் மலிவு. வியாபாரிகள் சிலிண்டரின் பின்முகத்தை இழைத்து, அரைநிலா வடிவக் கவ்விகளில் .45 தோட்டாக்களைச் செருகி நுழையவைத்தார்கள். அழகாகப் பொருந்தியது! .455 தோட்டா சதுர அங்குலத்துக்குச் சுமார் 13,000 பவுண்டு அழுத்தத்தில் வேலை செய்வது. 17 கிராம் குண்டை நிதானமாக, நொடிக்கு 180 மீட்டர் வேகத்தில் அனுப்புவது. கடையில் வாங்கும் .45 ஏசிபிக்கான உச்சவரம்பு 21,000 பவுண்டு. முதல் சுடுதலிலேயே வெடித்துவிட வேண்டும் என்பதில்லை. பல துப்பாக்கிகள் பல காலம் தாங்கியிருக்கின்றன. அந்தத் தாங்குதலைத்தான் ஆட்கள் உத்தரவாதம் என்று எடுத்துக்கொண்டார்கள். தாழ் தளர்வது, சிலிண்டர் சுவர் விரிசல் விடுவது எல்லாம் மெல்ல நடக்கும்.

இழைத்த சிலிண்டரைக் கண்டுபிடிக்கத் தோட்டா தேவையில்லை. துப்பாக்கி வெறுமையாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, மூடிவைத்துப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். சிலிண்டருக்கும் பின்சுவருக்கும் இடையில் இருக்க வேண்டியதைவிட அகலமான இடைவெளி தெரியும். அப்படிப்பட்டதில் .455 போட்டால் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் பிடிமானம் இல்லாமல் ஆடும். ரிவால்வருக்கென்றே விளிம்பு வைத்துச் செய்த .45 ஆட்டோ ரிம் கூட்டில், .455 அளவுக்கு அழுத்தம் தணித்து, ஈயக் குண்டு வைத்து, தெரிந்தவர் கையால் அடைத்த தோட்டாவே அதற்கு ஏற்றது. இழைக்காததற்கு இத்தாலியின் ஃபியோக்கி போன்றோர் இன்றும் செய்யும் .455 மார்க் 2 தோட்டா போதும். இரண்டுக்கும் முன்பாக, துப்பாக்கிக் கொல்லர் ஒருவர் தாழையும் குழலையும் பார்த்தாக வேண்டும். மார்க் 4க்கு முந்தையவற்றை நான் சுடவே விடமாட்டேன். இது கோழைத்தனம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் எந்த ரிவால்வரையும் வைத்திருக்க முடியாது. உரிமத்தோடு கான்பூர் அரசு ஆலையின் .32 ரிவால்வரை வாங்கியவர்கள் அதை மடக்கித் திறந்து பார்க்கலாம். வடிவமைப்பில் அது வெப்லியின் வாரிசுதான்.

கைனாக் நிறுவனத்தின் பழைய தோட்டாப் பெட்டிகள் ஏலத்துக்கு வரும்போது, அசல் துப்பாக்கிக்கு அசல் தோட்டா என்று சிலர் ஆசைப்படுவார்கள். அந்தக் காலப் பற்றுமருந்து எரிந்த உப்பு, உடனே வெந்நீர் விட்டுக் கழுவாவிட்டால் குழலை அரித்துவிடும். பல தோட்டாக்கள் பற்றவே பற்றாது. அச்சிட்ட லேபிளுக்காக அந்தப் பெட்டியை வாங்கலாம். கிழியாமல் இருந்தால் நல்ல விலையும் பெறும்.