ஒரு வரியில் எழும்பும் சேவை

அக்கராயனில் ஒரு கமக்காரர் அமைப்பு, குளத்து நீர்மட்டத்தையும் வாய்க்கால் திறக்கும் முறையையும் நாள்தோறும் பதிந்து காட்டும் சிறு இணையச் சேவையொன்றை நடத்த விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எழுதக்கூடிய பிள்ளைகள் அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் படிக்கிறார்கள். எழுதியவர் பட்டம் பெற்றுக் கொழும்புக்குப் போனபின்னும் சேவை ஓடவேண்டும். 2013இல் டொக்கர் என்ற மென்பொருள் வெளிவந்ததோடு பரவிய கொள்கலன் முறைக்கு இங்கே பெரும் பயன் உண்டு. நிரலும் அது நம்பியிருக்கும் நூலகங்களும் ஒரே படிமத்துக்குள் (அது ஓடும்போது கொள்கலன்) இருப்பதால், கணினி பழுதானால் அதே வகைக் கணினி வேறொன்றில் ‘டொக்கர் ரன்’ என்று தொடங்கும் ஒரு வரியை அடித்துச் சேவையை எழுப்பலாம். இலங்கையில் பிறந்த டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் பலரினா நிரல்மொழி படிமம் செய்யும் வேலையையும் சுருக்கியது: நிரலைத் தொகுக்கும் கட்டளையே படிமத்தையும் செய்து தரும்.

ஆனால் எங்கும் ஒரேமாதிரி ஓடும் என்ற வாக்கு, அறாத மின்சாரமும் தாராளமான இணையமும் உள்ள ஊர்களை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. 2022 மார்ச் கடைசியில் நாடு 13 மணித்தியால மின்வெட்டைக் கண்டது. மின்சாரம் திரும்பிக் கணினி எழும்பினாலும், மீள்தொடக்கத்தைக் கட்டளையில் குறிப்பிடாவிட்டால் கொள்கலன் எழும்பாது. தரவைக் கொள்கலனுக்கு வெளியே, வொலியூம் எனும் தனிச் சேமிப்பிடத்தில் வைக்காதவர், புதிய பதிப்புக்காகப் பழைய கொள்கலனை நீக்கும்போது ஒரு போகத்துப் பதிவுகளையும் சேர்த்து இழப்பார். படிமங்களை இறக்குவதிலும் தடையுண்டு. 2020 நவம்பரில், படிமங்களை வழங்கும் டொக்கர் ஹப் தளம், கணக்கின்றி இறக்குவோருக்கு ஓர் ஐபி முகவரியிலிருந்து ஆறு மணித்தியாலத்துக்கு 100 என்று வரம்பிட்டது. பலர் ஒரே முகவரியைப் பகிரும் கைபேசி இணையத்தில் அந்த வரம்பைத் தீர்ப்பவர் முன்பின் தெரியாத ஒருவராகவும் இருக்கலாம்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பவை, பிழைச்செய்தி எதுவும் தராத குறைகள். கொள்கலனின் கடிகாரம் வழமையில் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நாம் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால் நிற்கிறோம். விடிய ஐந்து மணிக்கு அளந்த நீர்மட்டம் முதல்நாள் திகதியில் பதிவாகும். சேவை ஓடும், பக்கம் திறக்கும், கணக்கு மட்டும் பிழைத்திருக்கும். நேர வலயத்தைக் கட்டளையில் கொடுத்தாலும், அல்பைன் போன்ற சிறு படிமங்களில் நேர வலயத் தரவே இராது. அதைத் தனியாகச் சேர்க்கவேண்டும். எழுத்துருவின் நிலையும் இதுதான். மாத அறிக்கையைக் கொள்கலனுக்குள்ளேயே பிடிஎஃப் ஆக்கினால், தமிழ் எழுத்துரு இல்லாத படிமத்தில் ஊர்ப்பெயர்கள் எல்லாம் வெறும் கட்டங்களாக அச்சாகும். படிமத்தைச் சிறிதாக்குவது நல்ல பழக்கம்தான், டேட்டாவுக்குக் காசு கட்டுகிற எங்களுக்கு இன்னும் நல்லது. ஆனால் எதைத் தேவையில்லை என்று வெட்டுவது என்பதைத் தமிழ் அறியாத ஒருவர் தீர்மானித்திருக்கிறார். நோட்டோ தமிழ் எழுத்துருவைச் சேர்ப்பதால் கூடும் அளவு சொற்பம். அதைச் சேர்க்கத் தயங்கக்கூடாது.

கட்டளை வரியின் சுருக்கத்துக்கும் ஒரு விலை உண்டு. லினக்ஸில் போர்ட்டை முகவரி குறிக்காமல் திறந்துவிட்டால், யூஎஃப்டபிள்யூ தீச்சுவர் அடைத்திருக்கிறது என்று நம்பிய வாசலை டொக்கர் அந்தத் தீச்சுவரைச் சுற்றிக்கொண்டு திறந்துவிடும். அத்தோடு, அடித்த வரி ஒருவரின் ரேர்மினல் வரலாற்றில் மட்டுமே தங்குகிறது. அந்த ஆள் ஊரைவிட்டுப் போனால் எந்தப் போர்ட், எந்த வொலியூம் என்று எவருக்கும் தெரியாது. ஆகவே ஒற்றை வரியைப் பரீட்சித்துப் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, நிலையான சேவையை, அதன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் கொம்போஸ் கோப்பில் எழுதுவதே சரி என்பேன். படிமத்துக்கும் ‘லேட்டஸ்ட்’ என்ற அடையாளத்தை விட்டுவிட்டுத் திட்டமான பதிப்பெண் இடவேண்டும்.

படிமத்தை இணையத்தில் இறக்குவதிலுள்ள தடைக்கு டொக்கரிடமே ஒரு மாற்று உண்டு: ‘டொக்கர் சேவ்’ படிமத்தை ஒரு கோப்பாக்கும், ‘டொக்கர் லோட்’ அதை வேறு கணினியில் ஏற்றும். அறிவியல் நகரில் கட்டிய படிமம் பென்டிரைவில் அக்கராயனுக்கு வரலாம். வொலியூமில் உள்ள தரவு அந்தக் கோப்புக்குள் வராது; அதற்குத் தனிப் பிரதி எடுக்கவேண்டும்.