மஞ்சள் பக்கத்தில் ஒரு மந்திரவாதி

சிகாகோ டெலிபோன் டைரக்டரியில் 'மந்திரவாதி' என்று போட்டுக்கொண்டு, வாடகை கட்டத் திண்டாடுகிற ஆள் ஹாரி டிரெஸ்டன். ஜிம் புட்சர் 2000-ல் ஆரம்பித்த 'டிரெஸ்டன் ஃபைல்ஸ்' வரிசையின் ஹீரோ. முதல் இரண்டு புத்தகம் சுமார்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏழாவதில் ('டெட் பீட்', 2005) மியூசியத்து டைனோசர் எலும்புக்கூட்டுக்கு உயிர் கொடுத்து அதன்மேல் ஏறி சவாரி போகிறார் பாருங்கள்... நடுராத்திரி என்றாலும் கீழே வைக்க மனசு வராது.

உறுத்துவது வேறு. கதைக்குள் எந்தப் பெண் வந்தாலும், சாட்சியோ வாம்பயரோ, ஹாரியின் கண் முதலில் உடம்பைத்தான் அளக்கிறது. 'நான் பழைய காலத்து ஜென்டில்மேன்' என்று அவரே சொல்லிக்கொண்டால் சரியாகிவிடுமா? போலீஸ்காரி மர்ஃபியை அத்தனை கம்பீரமாகப் படைத்தவர்தானே இவர்! அந்த மர்ஃபிக்கு 2020-ல் 'பேட்டில் கிரவுண்ட்'டில் எழுதிய கதியை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதற்காக, அடுத்ததைப் படிக்காமல் இருந்துவிடுவேனா? அதுதான் எரிச்சல்.