பட்டன் செல் இல்லாத கேசட்

கேம் பாய் ஞாபகம் இருக்கிறதா? 1989-ல் ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி விட்ட சாம்பல் நிற டப்பா. பாசிப்பச்சைத் திரை, நாலே ஷேடு, நாலு பென்சில் பேட்டரி. பின்னால் வந்த கலர் தம்பியையும் சேர்த்து உலகம் பூராவும் 11 கோடிக்கு மேல் விற்றது. முதுகில் கேசட்டைச் செருகினால் விளையாட்டு. (கார்ட்ரிட்ஜ் என்பதுதான் சரியான பெயர். நம்மூரில் யார் அப்படிச் சொன்னார்கள்?)

அந்தக் கேசட்டை இப்போது வீட்டிலேயே செய்கிறார்கள். ஒரு சர்க்யூட் போர்டு, அழித்து அழித்து எழுதக்கூடிய ஃபிளாஷ் சிப், இன்னும் சில சில்லறைச் சமாசாரங்கள். அப்படிக் கையால் சாலிடர் பண்ணிய ஒன்றை நண்பர் கொடுத்து, "பார்த்துட்டு உண்மையைச் சொல்லுங்க" என்றார். சொல்கிறேன்.

அழகு பத்தாது. முப்பரிமாணப் பிரின்டரில் செய்த கூடு நகத்தில் சொரசொரக்கிறது. லேபிள் கிடையாது. செருகும்போது கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. ஆனால் சுவிட்சைப் போட்டதும் அதே பழைய 'டிங்' சத்தத்தோடு மேலிருந்து நின்டெண்டோ பெயர் இறங்கி வருகிறது.

இங்கேதான் ஒரு வேடிக்கை. அந்தப் பெயரின் படம், 48 பைட், கேசட்டுக்குள் இருக்கிறது. கேம் பாய் அதைப் படித்து, தன்னிடம் உள்ள படத்தோடு ஒப்பிடும். ஒரு புள்ளி மாறினாலும் அப்படியே நின்றுவிடும். அதாவது, அனுமதியில்லாமல் கேசட் செய்பவன் கம்பெனியின் டிரேட்மார்க்கைக் காப்பியடித்தே ஆகவேண்டும். அடித்தால் கேஸ் போடலாம். பூட்டையும் வக்கீலையும் ஒரே சாவியில் கோத்த கெட்டிக்காரத்தனம். இதே மாதிரி தந்திரம் செய்த செகா கம்பெனி, அக்கோலேட் என்ற சின்ன கம்பெனிமேல் வழக்குப் போட்டு, 1992-ல் அமெரிக்க அப்பீல் கோர்ட்டில் தோற்றது. பூட்டைத் திறக்க வேறு வழியே வைக்காமல், திறந்தவனைத் திருடன் என்றால் எப்படி என்பது மாதிரிதான் தீர்ப்பு.

சரி, உள்ளே பார்ப்போம். கேம் பாயின் கண்ணுக்கு ஒரு சமயத்தில் கேசட்டின் 32 கிலோபைட்தான் தெரியும். டெட்ரிஸ் அதற்குள் கச்சிதமாக அடங்கிவிட்டது. போக்கிமான் ரெட் ஒரு மெகாபைட். அதனால் பக்கம் புரட்டிக் காட்ட ஒரு சிப் வேண்டும். நம் வீட்டுக் கேசட்டில் அந்த வேலையைப் புரோகிராம் செய்யக்கூடிய ஒரு பொதுச் சிப் பார்க்கிறது. ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது, இதில் பட்டன் செல் இல்லாதது. பழைய கேசட்டுகளில் நீங்கள் எந்தக் கட்டம் வரை வந்தீர்கள் என்பதை ஒரு பட்டன் செல்தான் காப்பாற்றியது. செல் செத்தால் எல்லாம் போச்சு. இதில் எஃப்ரேம் என்ற நினைவுச் சிப். மின்சாரம் இல்லாமலே ஞாபகம் வைத்துக்கொள்கிறது. ஒரு வாரம் டிராயரில் போட்டுவிட்டு எடுத்தேன். விட்ட இடத்தில் இருந்தது.

"இதெல்லாம் திருட்டு விளையாட்டு போடத்தானே?" என்பீர்கள். போடலாம்தான். பின்னாளில் வந்த நின்டெண்டோ டிஎஸ்ஸுக்கு ஆர்4 என்று ஒரு அட்டை, நூற்றுக்கணக்கான விளையாட்டுகளை அடைத்து அதற்குத்தான் பெரும்பாலும் பயன்பட்டது. 2009-ல் ஜப்பானிலும் 2010-ல் இங்கிலாந்திலும் கோர்ட்டுகள் அதற்குத் தடை போட்டன. எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் வெளியான பழைய வீடியோ கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று 2023-ல் ஓர் ஆய்வு சொன்னது. அதே வருஷம் மார்ச்சில் நின்டெண்டோ தன் 3டிஎஸ் இணையக் கடையையும் மூடியது. பழைய கேம் பாய் விளையாட்டுகளைத் தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்க முடிந்த இடம் அது. இப்போது மாதச் சந்தாவில், அவர்கள் பொறுக்கிப் போட்டது மட்டும்.

நண்பரின் கேசட்டில் ஒரே ஒரு விளையாட்டுதான் போடமுடியும். அதைக் குறை என்று சொல்லமாட்டேன். நூறு இருந்தால் எதையும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் விளையாடமாட்டோம். இதில் இருப்பது அவரே செய்தது. 2019-ல் வந்த ஜிபி ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருளில், புரோகிராம் எழுதத் தெரியாமலே படம் வரைந்து, கட்டம் கட்டமாக இழுத்துப்போட்டுச் செய்துவிடலாம். 1989-ல் இதற்கு ஒரு ஜப்பானியக் கம்பெனியின் கையெழுத்து வேண்டும். இப்போது ஒரு சாலிடரிங் அயர்ன் போதும்.

வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. கேம் பாய் 5 வோல்ட்டில் ஓடுவது. மலிவுச் சரக்கில் 3.3 வோல்ட் சிப்பை அப்படியே மாட்டிவிடுகிறார்கள். முதலில் நன்றாகத்தான் ஓடும். நடுவில் வோல்டேஜை மாற்றும் சிப் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். நண்பர் ஒழுங்காகப் போட்டிருக்கிறார்.

அவருடைய விளையாட்டு எப்படி? மூன்றாவது கட்டத்தில் அந்தப் பாலத்தைத் தாண்டுவது மகா அநியாயம். அழித்துவிட்டு வேறு எழுதச் சொல்லியிருக்கிறேன். கேசட் தாங்கும்.