ஒத்திகை பார்த்த பிரதி

மலேசியாவின் புக்கிட் பெலண்டோக்கில் பிற்பகலில் மேகம் திரண்டால், செம்புக் கம்பி வழியே இணையம் வரும் வீடுகளில் விவரம் தெரிந்தவர்கள் முதலில் கழற்றுவது மோடத்தில் செருகிய தொலைபேசிக் கம்பியைத்தான். மின் இணைப்புக்குத் தடுப்பான் போட்டவர்கள்கூட அந்த மெல்லிய கம்பியை மறந்துவிடுவார்கள். இடி அதில் இறங்கினால் மோடம், பிறகு நெட்வொர்க் கம்பி, பிறகு கணினி என்று வரிசையாகப் போய்விடும்.

அங்கே செம்பனைக்கு நடுவே வீடு கட்டியிருக்கும் நண்பர் ஒருவரின் கணினியில் கல்யாண வீடியோக்களும் கோயில் கணக்கும் இருக்கின்றன. அவற்றைவிட முக்கியமாக, லயத்தில் குடியிருந்த பல குடும்பங்களின் பழைய தாள்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார். ஒரு சூராட் பெரனாக் (பிறப்புச் சான்றிதழ்) தொலைந்துபோனதால் அடையாள அட்டைக்கு வருடக்கணக்கில் அலைந்தவர்களைத் தோட்டப்புறத்தில் எல்லாருக்கும் தெரியும். ஸ்கேன் செய்த படம் அசலுக்கு ஈடாகாது. ஆனால் மறுபிரதிக்கு விண்ணப்பிக்க அதிலுள்ள எண் உதவும். இவ்வளவையும் ஒரே வட்டை நம்பி விட அவருக்கு மனம் வரவில்லை. அலுவலகம் ஒன்று கழித்துக்கட்டிய பழைய கணினியை வாங்கி, திரை இல்லாமல் அலமாரிக்குள் வைத்து, வீட்டுக்குக் கோப்பு சர்வர் ஆக்கிவிட்டார். அதில் உள்ள இரண்டு வட்டுகளிலும் ஒரே சரக்கு.

இரண்டு வட்டு வைப்பது பெரிய வித்தையல்ல. இரண்டும் வேறு வேறாகச் சொன்னால் எதை நம்புவது? உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகத் தேடிச் சேர்த்த ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டபோது பட்ட பாடு இதுதான்: பாடம் வேறுபடுவது கண்ணுக்குத் தெரியும், எது சரி என்று தீர்மானிக்கப் புலமை வேண்டும். வட்டுக்குப் புலமை கிடையாது. 2005இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறையை நான் ரசிப்பது இந்த இடத்தில்தான். எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும் அது ஒரு சரிபார்ப்பு எண் கணக்கிடுகிறது. அந்த எண்ணைத் துண்டின் பக்கத்திலேயே வைத்தால், வட்டு தவறான இடத்தைப் படித்துக் கொடுக்கும்போது துண்டும் எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்தி நம்மை ஏமாற்றிவிடும். அதனால் அந்தத் துண்டைச் சுட்டிக்காட்டும் மேல்துண்டில் எண்ணை எழுதுகிறது. இந்த முறையில் ஓடும் நண்பரின் சர்வர் மாதம் ஓர் இரவு தன் சரக்கு முழுவதையும் படித்துக் கணக்குப் பார்க்கும். ஒரு வட்டில் பிசகியிருந்தால் மற்றதிலிருந்து எடுத்துத் திருத்திவிடும். காலையில் பிழை பூஜ்யம் என்று ஒரு வரி வரும். ரசிகனுக்கு அந்த வரி போதும்.

தினசரிப் பிரதிக்கு அவர் வைத்திருப்பது ஆர்சிங்க் என்ற மென்பொருள். கான்பெராவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்லும் பால் மக்கராசும் 1996இல் வெளியிட்டது. விண்டோஸ் கணினிகள் லினக்ஸ் சர்வரோடு பேச உதவும் சம்பாவைத் தொடங்கியவரும் இதே ட்ரிட்ஜெல்தான். தேதிக்கு ஒரு கோப்புறை. எதைத் திறந்தாலும் அன்றைய கணினி முழுதாக இருக்கும். ஆனால் மாறாத கோப்பு வட்டில் ஒரே ஒரு தடவைதான் இடம் பிடிக்கும். ஒவ்வொரு தேதியும் அதற்கு இன்னொரு பெயர், அவ்வளவே. செவ்வாய்க்கிழமையை அழித்தாலும் புதன்கிழமைக்கு ஒன்றும் ஆகாது. இசட்எஃப்எஸ்ஸுக்கே இதைவிட விரைவாகச் செய்யத் தெரியும் என்று வாதிடுவார்கள். தெரியட்டும். தனிக் கருவி எதுவும் இல்லாமல் வெறும் கோப்புறையாகத் திறக்கும் பழைய முறையின் எளிமை எனக்குப் பிடித்திருக்கிறது.

அவர் அமைப்பில் மேசைக் கணினி தினசரிப் பிரதியைச் சர்வருக்கு அனுப்புவதில்லை. சர்வர்தான் வந்து எடுத்துக்கொள்கிறது. அந்தக் கோப்புறைகளில் எழுதும் உரிமை மேசைக் கணினிக்குக் கிடையாது. காரணம் உண்டு: 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாகிரை உலகெங்கும் பரவியது விண்டோஸின் கோப்புப் பகிர்வில் இருந்த ஓட்டை வழியேதான். அப்படிப்பட்ட ஒன்று கணினிக்குள் புகுந்தால், கை எட்டுகிற பிரதியையும் சேர்த்தே பூட்டிவிடும்.

இதுவரை சொன்னது கடை பரப்பியது. கச்சேரி, சனிக்கிழமையில் அவர் நடத்தும் மீட்பு ஒத்திகையில். மேசைக் கணினி எரிந்துபோனதாக வைத்துக்கொண்டு அதன் பக்கமே போகாமல், வேறொரு கணினியில் வெற்று வட்டைப் போட்டு, எல்லாவற்றையும் சர்வரிலிருந்து திரும்பக் கொண்டுவர வேண்டும். இதற்கென்றே மாதம் ஒருமுறை குளோன்சில்லாவால் முழு வட்டையும் அப்படியே படியெடுத்து வைக்கிறார். தைவான் நாட்டுக் கணிப்பு மையம் ஒன்றில் உருவான இலவச மென்பொருள் அது. முதல் ஒத்திகையில் மீட்பு யுஎஸ்பிக்கு அந்தக் கணினியின் நெட்வொர்க் அட்டை அடையாளம் தெரியவில்லை. சர்வர் அலமாரிக்குள் இருந்தும் இல்லாத மாதிரி. அதைச் சரிசெய்து 500 ஜிபி இறங்க ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. கிகாபிட் கம்பியில் அதைவிட வேகம் வராது. பிறகு விண்டோஸ் எழுந்து வந்து, இது வேறு இயந்திரமாயிற்றே என்று வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. சாவி எங்கே? எரிந்துபோனதாக வைத்துக்கொண்ட அந்தக் கணினிக்குள், ஒரு கோப்பில். இப்போது தாளில் எழுதி மூன்று இடத்தில் வைத்திருக்கிறார்.

அடுத்து வந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கோப்புகளை மட்டும் வேறொரு கணினிக்கு எடுத்துத் திறந்து பார்த்தார். கோயிலின் பழைய கூட்டக் குறிப்புகள் ஓர் எழுத்தும் பிசகாமல் வந்திருந்தன. சரிபார்ப்பு எண்கள் அத்தனையும் பொருந்தின. திரையிலோ வெறும் கிறுக்கல். யூனிகோட் பரவுவதற்கு முன்பு முரசு அஞ்சல் மென்பொருளில் தட்டச்சு செய்த கோப்புகள் அவை. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் முரசைத் தொடங்கிய காலத்திலிருந்து இங்கே பலருக்கும் தமிழ் அதில்தான் ஓடியது. அந்த எழுத்துரு இல்லாத கணினிக்கு அவை தமிழாகத் தெரியாது. ஆகவே எழுத்துருவும் சரக்கில் சேர்ந்தது. யூனிகோடுக்கு மாற்றிய படி ஒன்றும் பக்கத்தில் உட்கார்ந்தது. எந்தத் தானியங்கிச் சோதனையும் இதைச் சொல்லியிருக்காது. ஒரு மனிதர் கோப்பைத் திறந்து படித்ததால் தெரிந்தது.

பெரிய நிறுவனங்களும் இந்த ஒத்திகையைத் தவறவிட்டவைதான். 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டது. வைத்திருந்த ஐந்து பிரதி முறைகளில் ஒன்றுமே ஒழுங்காக ஓடவில்லை என்று அவர்களே அறிவித்தார்கள். ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் வேறு காரியத்துக்காகக் கையால் எடுத்த படிதான் காப்பாற்றியது. 1998இல் பிக்சாரில் ‘டாய் ஸ்டோரி 2’ அழிந்தபோதும் பிரதி கைவிட்டது. அங்கே பணியாற்றிய கேலின் சுஸ்மன் வீட்டிலிருந்து வேலை செய்யக் கொண்டுபோயிருந்த படி மீட்டுக் கொடுத்தது.

வீட்டுக்கு வெளியே ஒரு படி வேண்டும் என்பதைப் புக்கிட் பெலண்டோக் ஆட்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1999இல் பக்கத்துச் சுங்கை நிப்பாவின் பெயரைத் தாங்கிய அந்த வைரஸ் வந்தபோது, வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேறிய வட்டாரம் இது. நண்பரின் மூன்றாவது வட்டு சிரம்பானில் அக்கா வீட்டு அலமாரியில், துணிகளுக்கு அடியில் இருக்கிறது. அந்த வட்டை மட்டும் அவர் இன்னும் ஒத்திகைக்கு எடுக்கவில்லை. கேட்டால், “அடுத்த ஸ்கூல் லீவுக்குப் பார்த்துடலாம் அண்ணே” என்கிறார்.