உலோகத்தின் ஒலி: பெர்தோயாவின் கலை

இத்தாலியின் ஃப்ரியூலியில் 1915இல் பிறந்து, பதின்வயதில் அமெரிக்காவில் குடியேறிய சிற்பி ஹாரி பெர்தோயாவை உலகம் பெரிதும் அவர்தம் கம்பி நாற்காலிகளால் அறியும். அதை விடுவோம். மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1955இல் எழுந்த, எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான சிற்றாலயத்தில், பலிபீடத்தின் பின்னே அவர் தொங்கவிட்ட உலோகத் தகடுகள், கூரைத் திறப்பின் வழி இறங்கும் ஒளியை ஏந்திச் சிந்துகின்றன. உருவமேதுமில்லை, ஆயினும் மேலிருந்து அருள் இறங்குவதாகவே நமக்குத் தோன்றுகிறது.

பின்னாளில் உலோகக் கோல்களை நிரையாக நட்டு, கையால் வருடி ஒலியெழுப்பி, பென்சில்வேனியாவிலிருந்த தம் களஞ்சியத்தில் பதிவும் செய்தார், 1978இல் மறைந்தார். இவற்றை இசையென ஏற்கத் தயங்குவோர் உண்டு. தாளமோ சொல்லோ இல்லைதான். மனுவுருவான வாக்கை அறிக்கையிடும் நாம் இவ்வொலிகளைத் திருவழிபாட்டுப் பாடலின் இடத்தில் வைக்கவியலாது. ஆனால் கோல்களின் அதிர்வு தேய்ந்து தேய்ந்து அடங்கும் அந்நீண்ட இறுதியைச் செவிமடுப்போருக்கு, நற்கருணை வாங்கியபின் பாடகர் குழு ஏன் சற்றே வாய்மூடியிருக்க வேண்டும் என்பது விளங்கும்.