மடல் பெற்றவர், மன்றம் இழந்தவர்

குடும்பப் பெயரைக் காட்டி நாடாளுமன்றம் புகுந்தவர்களைக் குறித்து நம் தோழர்கள் எள்ளி நகையாடுவதுண்டு. நகைக்கட்டும், நானும் நகைப்பவன்தான். ஆனால், ஈரோட்டு வீட்டிலே தோன்றிய ஈ.வெ.கி. சம்பத்தையும் அந்த வரிசையில் நிறுத்துவோரை நான் மறுக்கிறேன். அவர்மீது சாட்ட வேண்டிய குற்றம் வேறு.

பெரியாரின் தமையன் கிருஷ்ணசாமியின் மகன் அவர், 1926-இல் பிறந்தவர். பெரியாருக்குப் பின் இயக்கம் இவர் கைக்கு வரும் என்று பலர் எண்ணியிருந்த காலமும் உண்டு. 1949-இல் என்ன செய்தார்? அண்ணாவுடன் வெளியேறினார். வாயிற்படியிலே காத்திருந்த வாரிசுரிமையை வேண்டாமென்று தள்ளிவிட்டுப் புதுக் கழகத்தின் மேடையேறினார். 'சொல்லின் செல்வர்' என்ற பட்டம் அவர் நாவால் ஈட்டியது, சிற்றப்பாவால் வந்ததன்று.

1957-இல் தி.மு.க. முதன்முறையாகத் தேர்தல் களம் கண்டது. மக்களவைக்குச் சென்றவர் இருவரே: நாமக்கல்லிலிருந்து சம்பத், திருவண்ணாமலையிலிருந்து தருமலிங்கம். ஏறத்தாழ ஐந்நூறு பேர் அமர்ந்த அவையிலே இரண்டு குரல்! இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று 1959-இல் அந்த அவையிலேதான் நேரு பண்டிதர் வாக்களித்தார். அடுத்த ஆண்டு குடியரசுத் தலைவரின் மொழி ஆணை பிறந்தது. கழகம் கறுப்புக் கொடியைக் கையிலெடுக்க முனைந்தது. அப்போது, 1960 ஆகஸ்டில், அந்த வாக்கை உறுதிப்படுத்தி நேரு மடல் எழுதினார். எவருக்கு? சம்பத்துக்கு! மாபெரும் கட்சியின் தலைமை அமைச்சர் இரண்டே உறுப்பினர் கொண்ட கட்சிக்கு எழுத்தில் விடை தர நேர்ந்தது என்றால், அந்த நாமக்கல் உறுப்பினரின் குரலுக்கிருந்த எடை விளங்கும். கறுப்புக் கொடிகள் சுருட்டப்பட்டன.

மடல் வந்தது; பின்னர்?

இங்கே அயர்லாந்து நினைவுக்கு வருகிறது. ஜான் ரெட்மண்ட் என்பவர் வெக்ஸ்போர்டு வட்டாரத்து அரசியல் குடும்பத்தவர். தந்தையும் நாடாளுமன்ற உறுப்பினர், தம்பியும் உறுப்பினர். 1881 முதல் 1918-இல் சாகும்வரை அவர் ஆங்கிலேயர் அவையை விட்டகலவில்லை. 1914-இல் தன்னாட்சிச் சட்டத்தைப் பெற்றார். பெற்ற அன்றே போரைக் காட்டி அதை நிறுத்தி வைத்தனர். சட்டம் ஏட்டிலே உறங்கியது. 1918 தேர்தலில் மக்கள் சின் பெயின் கட்சிக்கு 73 இடங்களை வழங்கினர். ரெட்மண்டின் பழங்கட்சிக்குக் கிடைத்தவை 6. அவையை விடாதவரின் கதி அது. நம்மவர் அவையையே இழந்தார்.

1961 ஏப்ரலில் அவர் கழகத்தை விட்டு விலகினார். கவிஞர் கண்ணதாசனும் உடன் சென்றார். திராவிட நாடு கைகூடாக் கனவு என்பது சம்பத்தின் வாதம். இதில் அவரை நான் குறை சொல்லமாட்டேன். அரக்கோணத்தில் வாழ்கிறவன் எப்படிச் சொல்வேன்? 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது பக்கத்துத் திருத்தணி அதனுடன் சென்றது. போராடிப் போராடி, 1960 ஏப்ரல் முதல் நாளன்று அது திரும்பிற்று. (மலைமேல் முருகன் இருக்கிறான் என்பதற்காக அன்று, மலையடியில் தமிழர் இருந்தனர் என்பதற்காக!) எல்லைக்கோட்டுக்கு இருபுறமும் தமிழனும் தெலுங்கனும் ஊர் ஊராகக் கணக்குப் பார்த்தபோது, திராவிடக் கூட்டாட்சியைக் கேட்ட ஆந்திரர் எங்கே? 1963-இல் கழகமும் அக்கோரிக்கையைக் கைவிட்டது. ஈராண்டு முன்னே சொன்னவர் பிரிந்து போனவராகவே எண்ணப்பட்டார்.

சொன்னது சரி, செய்தது பிழை. தமிழ்த் தேசியக் கட்சி கண்டார். 1962-இல் தென்சென்னையில் கழகத்தின் நாஞ்சில் மனோகரனிடம் தோற்றார். அவர் கட்சி ஓரிடமும் வெல்லவில்லை. மறு ஆண்டே ஆட்சிமொழிச் சட்டம் அவைக்கு வந்தது. ஆங்கிலம் 'தொடரலாம்' என்றது அது. 'தொடர வேண்டும்' என்று சொல்லவில்லை. 'லாம்' என்னும் ஈறு இசைவைக் காட்டும், கடமையைக் காட்டாது. இதை வகுப்பறைச் சிறுவனும் சொல்வான். மாநிலங்களவையில் அண்ணா இந்த ஒரு சொல்லுக்காக வாதாடினார். நேருவின் முகத்துக்கெதிரே நேருவின் மடலை நீட்டி, "எனக்கு எழுதியது இதுதானா?" என்று கேட்கும் உரிமை இந்தியாவிலேயே ஒருவருக்குத்தான் முழுமையாக இருந்தது. அவருக்கு அவையில் நாற்காலி இல்லை. கொள்கைக்காகப் பிரிந்தவர், அக்கொள்கைக்கு மன்றத்திலே வேலை வந்த நாளில் வெளியே நின்றார். அவர்மீது நான் சாட்டும் குற்றம் இதுவே.

1964-இல் காங்கிரசில் கலந்தார். அதே ஆண்டு மடல் எழுதியவரும் மறைந்தார். 1965-இல் மாணவர் மீது துப்பாக்கி வெடித்தபோது, ஆண்ட கட்சி சம்பத்தின் கட்சி. 'தொடரலாம்' என்பதைத் திருத்திய சட்டம் 1967-இல்தான் நிறைவேறிற்று. பல உயிர்கள் பலியான பின்பு!

சம்பத் 1977 பிப்ரவரியில் மறைந்தார். ஐம்பத்தோராம் பிறந்த நாளுக்குச் சில நாட்களே இருந்தன. துணைவியார் சுலோசனா அ.தி.மு.க.வில் விளங்கினார். மகன் இளங்கோவன் காங்கிரசில் வளர்ந்து, 2004-இல் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து மக்களவை சென்று, இணை அமைச்சருமானார். பேரன் திருமகன் 2021-இல் ஈரோடு கிழக்கில் வென்று, 2023 சனவரியில் இளமையிலேயே மாண்டார். மகன் விட்டுச் சென்ற இடத்துக்குத் தந்தை போட்டியிட்டார். அந்த இடைத்தேர்தலில், 1961-இல் சம்பத் விட்டு வந்த கழகத்தின் தொண்டர்கள், சம்பத்தின் மகனுக்காக, கைச் சின்னத்துக்கு, ஈரோட்டின் வீடுதோறும் சென்று வாக்குக் கேட்டனர்.