பாறை வெடிப்பில் பூத்தது என்ன பூ?

இடப்பெயர்வு பற்றிய எமது கவிதைகளில் ஓர் உவமை திரும்பத் திரும்ப வருகிறது: பாறை வெடிப்பில் பூத்த காட்டுப்பூ. மண்ணில்லை, நீரில்லை, ஆனாலும் பூத்தது. அதுபோல நாமும் பூப்போம் என்று கவிதை முடியும். கவியரங்கில் கைதட்டலும் கிடைக்கும். இந்த உவமையில் எனக்கு இரண்டு மனக்குறைகள் உண்டு.

முதலாவது, அந்தப் பூவுக்குப் பெயரில்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைப் பெயர்சொல்லி அடுக்குகிறார், முதற்பூ செங்காந்தள். தலைவியும் தோழியும் அவற்றைப் பறித்து, மழை கழுவிய அகன்ற பாறையிலே குவிக்கிறார்கள். எந்தப் பூவும் அங்கே உபதேசம் செய்வதில்லை. அந்த மலைக் காந்தளைத்தான் நாம் கார்த்திகைப்பூ என்கிறோம். மலையே இல்லாத யாழ்ப்பாணத்தில் அது வேலியில் ஏறுகிறது. இலை நுனியே சுருண்டு கொம்பைப் பற்றிக்கொள்கிறது. கிழங்கு நஞ்சு. ஒரு பூவிடம் இவ்வளவு செய்தி இருக்க, ‘பெயர் தெரியாப் பூ’ என்றெழுதுவது சோம்பல்.

இரண்டாவது குறை பெரிது. நெடுந்தீவில் பவளக் கற்களை அடுக்கிக் கட்டிய மதில்களின் இடுக்கில் செடிகள் முளைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆட்டின் வாய் எட்டாத உயரத்தில்தான் அவை தழைத்திருக்கும். ஹவாய்த் தீவுகளில் பிரிகாமியா என்றொரு செடி. ஐரோப்பியக் கப்பல்கள் இறக்கிய ஆடுகள் எட்டாத கடலோரச் செங்குத்துப் பாறைகளில்தான் மிஞ்சியிருந்தது. மகரந்தம் காவப் பூச்சியும் இல்லாத நிலையில், 1970களில் தாவரவியலாளர் கயிற்றில் தொங்கித் தூரிகையால் மகரந்தம் தடவினர். அந்தச் செடியின் உறுதியை மட்டும் பாடினால், ஆட்டை இறக்கியவர் யார் என்ற கேள்வி மறைந்துபோகும்.

1990 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் பணித்தார்கள். புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் அந்தச் சனங்கள் பிள்ளைகளை வளர்த்ததைப் பூத்ததாகப் பாடலாம், அது பொய்யுமில்லை. ஆனால் அந்த வெடிப்பை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. விரட்டியவரின் பெயரும் விட்டுவந்த தெருவின் பெயரும் இல்லாத கவிதை, விரட்டியவருக்கும் கேட்க இனிமையாயிருக்கும். அதுவே அதன் பழுது.

இளங்கவிஞரிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: பூவின் பெயரை எழுதுங்கள், மேய்ந்தது எதுவென்றும் எழுதுங்கள்.